கூலியின் துருத்தி

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் கட்டிப்போட்டதால் காதுக்குத்தான் வேலை. அந்தச் சாக்கில் அயர்லாந்துக்காரர் ஒருவரிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். பெயர் ஜோ கூலி. பொத்தான் அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டியை வாசித்தவர். உடனே ஆரம்பிக்காதே, கூலிக்கு மாரடித்த ஆள் இல்லை.

1924இல் கால்வே பக்கம் பீட்டர்ஸ்வெல் என்ற சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் அப்பா, அம்மா இருவருமே மெலோடியன் வாசிப்பார்களாம், அதே இனத்தைச் சேர்ந்த எளிய துருத்திப் பெட்டி. துல்லா என்ற ஊரின் நடன இசைக்குழுவில் பேர் எடுத்து, 1954இல் அமெரிக்கா போய், நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ என்று சுற்றிவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியிருக்கிறார். திரும்பியவருக்கு நுரையீரலில் புற்றுநோய்.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது 'கூலி' என்ற ஒரே இசைத்தட்டை. அதில் பெரும்பகுதி 1973 நவம்பர் கடைசியில், அவருடைய சொந்த ஊரில், லஹிஃப் என்பவரின் மதுக்கடையில் பதிவானது. தம்பட்டம் போன்ற பௌரானைச் சகோதரர் ஜாக் குச்சியால் தட்டுகிறார். டெஸ் மல்கேர் என்பவர் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறார். மூன்று வாரத்தில், டிசம்பர் 20ஆம் தேதி, ஜோ போய்விட்டார். இசைத்தட்டு வந்தது 1975இல்.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் சோகம் கசியும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ஒரு துளி இல்லை! கால்கள் தரையைத் தட்டுகின்றன, யாரோ உற்சாகத்தில் கூவுகிறார், துருத்தி அதற்கெல்லாம் மேலே குதித்துக்கொண்டு போகிறது. இடையில் அவரே பேசுகிறார். மனிதர்களுக்குப் புத்தி தெளிய வைக்கும் இசை இது ஒன்றுதான் என்கிறார். வேறு யாராவது சொல்லியிருந்தால் 'அளக்கிறார்' என்றிருப்பேன்.

பதிவில் இரைச்சல் இருந்தால் உனக்கு ஆகாது. கல்லூரி நாட்களில் கச்சேரி ஒலிநாடாவில் யாரோ இருமினார் என்று அணைத்துவிட்டு எழுந்து போனவன் நீ. இங்கே அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும். இது ஆட்டத்துக்கான இசை. கூலி வாசிப்பது அந்தக் கால்களோடு பேசிக்கொண்டு.

வாசிப்பின் சூட்சுமம் எனக்குப் பிடிபட நாளாயிற்று. அந்தப் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கித் துருத்தியைத் தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறொரு ஸ்வரம். இரண்டு வரிசைப் பொத்தான்களுக்கு இடையே அரை ஸ்வரம்தான் வித்தியாசம். பேடி ஓ'பிரையன் என்ற இன்னொரு அக்கார்டியன்காரர் பரப்பிய பாணியில் விரல்கள் வரிசை மாறி மாறி ஓடும். இசை வழுக்கிக்கொண்டு வரும். கூலி பெரும்பாலும் ஒரே வரிசையில் நின்று தள்ளி இழுக்கிறார். ஸ்வரம் மாறும்போது காற்றும் அடிக்கடி திசை திரும்புவதால் இசைக்கு ஒரு சின்ன உதை கிடைக்கிறது. சிலர் இதைப் பழைய முரட்டுப் பாணி என்று ஒதுக்குவார்கள். நேர்த்தி வேண்டுமென்றால் ஜோ பர்க் என்ற அக்கார்டியன்காரரைக் கேட்கலாம், அவர் மகா கெட்டிக்காரர். ஆனால் உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிடுவது இந்த உதைதான். நேற்று அடுப்படியில் காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டே கேட்டேன். என் கால் தட்டியது, பால் பொங்கி வழிந்தது, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

'கூலியின் ரீல்' என்று அவர் பெயரே ஒட்டிக்கொண்ட மெட்டிலிருந்து ஆரம்பி. ரீல் என்பது வேகமான ஒரு நடன மெட்டு. கைபேசியில் வேண்டாம், உன் பழைய பெரிய ஸ்பீக்கரில் போடு.

அக்கார்டியனும் ஆர்மோனியம் போலவே துருத்தியாலும் உலோக நாக்குகளாலும் ஒலிக்கிற வாத்தியம்தான் என்பதால் உங்கள் அப்பாவின் ஆர்மோனியம் ஞாபகம் வந்தது. துருத்தி கிழிந்துவிட்டது, பரணில் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, தைத்துக் கொடுக்க ஆள் கிடைத்தாரா? இல்லையென்றால் சொல், இங்கே ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமு