செக்மெட் வெறும் கொலைத் தெய்வம் அல்லள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எகிப்தியத் தெய்வங்கள் இன்றைய புனைகதைகளில் எடுக்கும் வடிவங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், சிங்கத் தலை கொண்ட செக்மெட்டைக் குறித்த பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டன் தம் கேன் நாவல்வரிசையில் இத்தேவியைக் கேலிப்பொருளாக்கிவிட்டார் என்றும், நோய் தீர்ப்பவள் என்ற இயல்பை இளம் வாசகர்களுக்காக அவரே சேர்த்துக்கொண்டார் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பழைய எகிப்தியச் சுவடிகள் இவ்விரண்டையுமே மறுக்கின்றன.

2010இல் வந்த முதல் நாவலில், செக்மெட்டைச் சல்சா தயாரிக்கும் தொழிற்சாலைக்கு இழுத்துவந்து, அந்தச் செந்நிறச் சாந்தை இரத்தம் என்று நம்பவைத்து அடக்குகிறார்கள். கட்டுரையாளருக்கு இது வெறும் சிரிப்புக் காட்சி. ஆனால் எகிப்திய மன்னர்களான முதலாம் சேத்தியின் கல்லறைச் சுவரிலும், துட்டன்காமனின் பொன் போர்த்திய பேழையிலும் எழுதப்பட்டுள்ள ‘வானப் பசுவின் நூல்’ சொல்லும் கதையும் இதுதான். தனக்கு எதிராகச் சதி செய்த மனிதர்களை அழிக்கச் சூரியதேவன் ரா தன் கண்ணை ஹாத்தோர் என்ற தேவியின் வடிவில் அனுப்ப, அவள் கொலைவெறி ஏறிச் செக்மெட்டாகிறாள். மனமிரங்கிய ரா, செங்காவி கலந்த 7,000 சாடி பீரை இரவோடு இரவாக வயல்களில் ஊற்றச் செய்ய, விடிந்ததும் வந்தவள் அதைக் குடித்து மயங்கி, மனிதர்களை மறந்து திரும்புகிறாள். ரியோர்டன் மாற்றியது பானத்தை மட்டுமே. அந்த வேடிக்கையைக் கூட அவர் புதிதாகப் புகுத்தவில்லை என்பேன்.

நோய் தீர்க்கும் இயல்புக்கு வருகிறேன். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடி, நாடித் துடிப்பைப் பற்றிச் சொல்லும்போது மருத்துவனையும் செக்மெட்டின் பூசகனையும் அடுத்தடுத்து நிறுத்தி, இவர்கள் நோயாளியின் தலையிலோ கைகளிலோ விரல் வைத்தால் அங்கே இதயம் பேசுவதை உணர்வார்கள் என்கிறது. கொள்ளைநோயை அம்பாக எய்பவள் அவளே என்று நம்பிய மக்கள், அதை விலக்கவும் அவளையே வேண்டினார்கள். ஆண்டின் இறுதியில் எஞ்சும் ஐந்து நாள்களில் அவளுடைய தூதர்களுக்கு அஞ்சி, மந்திரம் ஓதிய துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப் அவளுக்கு நூற்றுக்கணக்கான கற்சிலைகள் நிறுவியது அவளைச் சாந்தப்படுத்தவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 2011இல் வந்த இரண்டாம் நாவலில், செக்மெட்டின் வழியைப் பின்பற்றும் ஜாஸ் என்ற பெண் குணமாக்கும் கலையில் தேர்ந்தவளாக இருப்பது இந்த மரபின் தொடர்ச்சியே.

சண்டைக்காக மட்டும் செக்மெட்டைக் கொண்டுவரும் கணினி விளையாட்டுகளின் மீது கட்டுரையாளரின் கண்டனம் பாய்ந்திருந்தால் நானும் முழு மனத்தோடு ஆமோதித்திருப்பேன். அடுத்த இதழில் அவர் பாஸ்டெட்டைப் பற்றி எழுதவிருப்பதாக அறிகிறேன். இன்று பூனை முகத்தோடு அறியப்படும் அத்தேவியும் தொடக்கத்தில் பெண்சிங்கமாகவே வடிக்கப்பட்டவள் என்பதையும் அவர் கருத்தில் கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி.