அந்தக் கண்ட்ரோல் குழியையும் படம் எடுக்கச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்ப மாணவர்களுக்கு நெறியாளர்களாக இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்ற ஒருவரிடம் எம்.எஸ்சி. படித்தவள் நான். இப்போது ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன்.

கடைசிப் பருவத்தில் எனக்குக் கிடைத்த தலைப்பு, மெத்தனால் என்ற கரைப்பானில் எடுத்த ஓர் இலையின் சாறு பாக்டீரியாவைக் கொல்லுமா என்பது. முல்லர்-ஹிண்டன் அகார் (பாக்டீரியாவை வளர்க்கும் கூழ்) தட்டில் பாக்டீரியாவைத் தடவி, குழி போட்டு, சாற்றை விட்டு, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைத்தேன். காலையில் திறந்தால் சாற்றுக் குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத 14 மி.மீ. வட்டம். கால் தரையில் பாவவில்லை. அப்புறம்தான் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கண்ட்ரோல் குழியைப் பார்த்தேன். சாறே இல்லாமல் வெறும் மெத்தனால் விட்ட அந்தக் குழியைச் சுற்றியும் 11 மி.மீ. வட்டம். அப்படியென்றால் கொன்றது பெரும்பாலும் கரைப்பான்தான். "அதைப் படத்தில் காட்ட வேண்டாம்" என்றார்கள். நானும் காட்டவில்லை. அந்த ஆய்வேடு இன்னும் நூலக அலமாரியில் இருக்கிறது.

இன்று என் மேசைக்கு வரும் தட்டுகளில் வட்டமே விழுவதில்லை. வீரியமான ஆன்டிபயாட்டிக்கான மெரோபெனெம் தோய்த்த டிஸ்க்கை ஒட்டியே கிளெப்சியெல்லா பாக்டீரியா மண்டிக் கிடக்கிறது. டாக்டர்கள் அடுத்துக் கேட்பது கொலிஸ்டின், சிறுநீரகத்தையே பதம்பார்க்கக்கூடிய பழைய மருந்து. இப்படி மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி 2010-இல் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த ஆய்வில் சென்னைக் கிருமிகளும் இருந்தன. புது மருந்து நமக்கு எவ்வளவு அவசரம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் செடிகளை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்து என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் குழுவினர் 1950-களில் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாறு ஊசி போட்ட எலிகள் தொற்று வந்து செத்தன. பார்த்தால் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. எதிர்பார்த்த முடிவு வரவில்லையே என்று அந்த எலிகளைக் கணக்கிலிருந்து தூக்கியிருந்தால் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அன்று கிடைத்திருக்காது. அதே செடியிலிருந்து பின்னால் வந்த வின்கிரிஸ்டின்தான் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் ஏற்றப்படுகிறது.

நான் கேட்பது சின்ன விஷயங்கள்தான். கரைப்பானை முழுசாக ஆவியாக்கிய பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். வட்டத்தை அளப்பதோடு நிற்காமல், எத்தனை மைக்ரோகிராமில் வளர்ச்சி நிற்கிறது என்று குழாயில் பார்க்க வையுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள சேர்மங்கள் அகாரில் சரியாகப் பரவாது, நல்ல மூலக்கூறுகூட அங்கே தோற்றுவிடும். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சாயத்தின் நிறமாற்றத்தால் பார்க்கும் எம்.டி.டி. சோதனையில், செல்லே இல்லாத குழியிலும் சாற்றைச் சேர்த்துப் பார்க்கட்டும். பல செடிச்சாறுகள் தாமாகவே அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கிவிடும். புற்றுநோய் செல்லுக்குப் பக்கத்தில் நல்ல செல்லையும் வைத்துச் சோதிக்கட்டும். இரண்டையும் ஒன்றுபோலக் கொன்றால் அது வெறும் நச்சு.

இன்னொன்று, இது எனக்கு மனசு ஆறாத விஷயம். தட்டில் செத்த செல்லை வைத்துக்கொண்டு, "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுக்காதீர்கள். அப்படியொரு செய்தித் துண்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்த அம்மா ஒருவர் எங்கள் ரிப்போர்ட் கவுன்ட்டரில் என்னிடம் கேட்டார்: "இந்தச் சாறு குடிச்சா கீமோவை நிறுத்திடலாமாம்மா?"

நிறுத்தக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் என் பழைய தட்டைப் பற்றிச் சொல்ல இத்தனை வருடம் ஆகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி