எண்ணே இல்லாத பக்கம்

பட்டர்வொர்த், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். 81 கட்டத்தில் ஓர் எண்கூட இல்லையே, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தாய். பிழை இல்லை மா, அதன் பெயர் கில்லர் சுடோகு. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால்தான் கடிதம்.

நீ முதலாம் படிவம் போன வருடம் நினைவிருக்கிறதா? 2005. லண்டன் டைம்ஸில் முந்தைய நவம்பர் வர ஆரம்பித்த சுடோகு அதற்குள் உலகம் பூராவும் பரவியிருந்தது. காலை ஃபெர்ரியில் நீ பள்ளிக்கூடத்துக்கு, நான் வேலைக்கு. மேல்தட்டில் உட்கார்ந்து, ஜார்ஜ்டவுன் வருவதற்குள் பேப்பரில் எத்தனை கட்டம் போட முடியும் என்று பார்ப்போம். நமக்குள் ஒரே ஒரு சட்டம்தான். காரணத்தை வாய்விட்டுச் சொல்லாமல் யாரும் எண் எழுதக்கூடாது. "இங்கே 4தான் வரும்பா" என்பாய். "ஏன்?" என்பேன். சொல்லத் தெரியவில்லை என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாய். புதுவகைப் புதிர்களுக்கும் அந்தச் சட்டத்தையே பிடித்துக்கொள்.

வரிசை, நெடுவரிசை, ஒன்பது கட்டப் பெட்டி, எதிலும் 1 முதல் 9 வரை எந்த எண்ணும் திரும்ப வரக்கூடாது. இது எல்லாவற்றுக்கும் அடிப்படை. சாதாரண சுடோகுவில் குறைந்தது 17 எண்ணாவது கொடுத்திருக்க வேண்டும், 16 மட்டும் கொடுத்தால் ஒரே விடை என்பது இருக்கவே முடியாது. அதை 2012இல் கணினி வைத்து நிரூபித்தவர்கள் நீ இருக்கிற டப்ளினில்தான் இருந்தார்கள், கேரி மெக்குவயரும் அவருடைய குழுவும். அப்படியானால் எண்ணே இல்லாத பக்கம் எப்படி? கூடுதல் விதி இருந்தால் அந்த விதியே எண்ணுக்குப் பதிலாக நிற்கும். மிட்செல் லீ என்பவர் 2020இல் ஒரு புதிர் செய்தார். கொடுத்தது இரண்டே எண். சதுரங்கக் குதிரை தாவும் தூரத்திலோ ராஜா நகரும் தூரத்திலோ ஒரே எண் வரக்கூடாது, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒட்டியிருக்கும் கட்டங்களில் 3, 4 மாதிரி அடுத்தடுத்த எண்ணும் வரக்கூடாது. இந்த விதிகளே மீதி 79 கட்டத்தையும் நிரப்பிவிட்டன. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன்னால் விதியை முழுக்கப் படி. ஒருமுறை மூலைக்கு மூலை போட்டிருந்த சாம்பல் கோட்டை அலங்காரம் என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன். அந்தக் குறுக்குக்கோடு இரண்டிலும் 1 முதல் 9 வரை ஒருமுறைதான் வர வேண்டும். நடுக்கட்டம் இரண்டு கோட்டுக்கும் பொது என்பதால் அங்கே 5 விழுந்தால் கோட்டில் இருக்கும் மற்ற 16 கட்டத்திலும் 5க்கு இடமில்லை. தெர்மாமீட்டர் படம் போட்டிருந்தால் குமிழிலிருந்து நுனி வரை எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். நான்கு கட்டம் நீளமென்றால் குமிழில் 6க்கு மேல் வராது, நுனியில் 4க்குக் கீழ் வராது. பெட்டிகள் கோணல்மாணலாக இருக்கும் வகையும் உண்டு. அதை அப்புறம் பார்க்கலாம்.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். புள்ளிக்கோடு போட்டு அடைத்திருக்கிறதே, அதற்குக் கூண்டு என்று பெயர். மூலையில் இருக்கும் சின்ன எண் அந்தக் கூண்டின் கூட்டுத்தொகை. ஒரு கூண்டுக்குள் ஒரே எண் இருமுறை வராது. இரண்டு கட்டத்தில் 3 என்றால் 1, 2. 16 என்றால் 7, 9. மூன்று கட்டத்தில் 23 என்றால் 6, 8, 9 மட்டும்தான். இதையெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்யாதே, போடப் போட கைக்கு வந்துவிடும்.

ஆனால் 45ஐ மறக்காதே. ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45. அப்படியென்றால் எந்த வரிசையும் 45, எந்தப் பெட்டியும் 45. உன் பக்கத்தை நான் கட்டத்தாளில் பெரிதாக வரைந்துவிட்டேன். இடது மேல் பெட்டியைப் பார். நான்கு கூண்டு: மூன்று கட்டத்தில் 10, இரண்டில் 17, இரண்டில் 9, மூன்றில் 16. மொத்தம் 52. ஆனால் 16 கூண்டின் ஒரு கட்டம் மட்டும் பக்கத்துப் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. 52இல் 45 போனால் 7. அந்த நீட்டிக்கொண்டிருக்கும் கட்டம் 7. ஒரு எண்கூட கொடுக்காத பக்கத்தில் முதல் எண் கிடைத்துவிட்டது! இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னும் இருக்கிறது. 17 கூண்டில் 8, 9. 16 கூண்டில் 7 போக உள்ளே இருக்கும் இரண்டு கட்டமும் சேர்ந்து 9. பக்கத்தில் இன்னொரு 9 கூண்டு. இப்போது 1 எங்கே போகும் என்று யோசி. 9 வர வேண்டுமானால் 1க்கு 8 துணை வேண்டும். 8 ஏற்கெனவே 17 கூண்டில் மாட்டிக்கொண்டது. அதனால் 1 அந்த 10 கூண்டுக்குள்தான். எந்தக் கட்டம் என்று இப்போது தெரியாது, ஆனால் எந்தக் கூண்டு என்று தெரிந்துவிட்டது. கில்லரில் பாதி நேரம் இப்படித்தான் நகரும். அவசரப்பட்டு ஊகித்து எழுதிவிடாதே, ஒரு தப்பு எண் பக்கம் முழுவதையும் கெடுத்துவிடும்.

இரவு வேலை முடிந்து வந்து தனியாக உட்கார்ந்திருக்கும்போது போன் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். அந்த நேரத்தில் இதை எடு. அடுத்த ஞாயிறு இங்கே இரவு 9 மணிக்குக் கூப்பிடுகிறேன், உனக்கு மதியமாக இருக்கும். என் தாளும் உன் தாளும் பக்கத்தில் பக்கத்தில். நான் இதற்கு மேல் ஒரு கட்டமும் போடாமல் வைத்திருக்கிறேன்.

அந்த 16 கூண்டுக்குள் மீதி இருக்கும் இரண்டு கட்டத்துக்கும் 2, 7 என்ற ஜோடி வராது. ஏன் என்று நீ சொல்.

அன்புடன்,
அப்பா