வாக்குமூலம் எப்படிப் பெறப்பட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரஷ்யப் புரட்சியாளர் பற்றிய உங்கள் கட்டுரை, ஸ்டாலின் காலத்து மொஸ்கோ வழக்குகளில் பழைய கட்சித் தலைவர்களான சினோவியேவும் காமனேவும் புகாரினும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்த வரியை அப்படியே விடக்கூடாது.

1934 டிசம்பர் 1 இல் லெனின்கிராட் கட்சித் தலைவர் கிரோவ் சுட்டுக்கொல்லப்பட்ட அன்றே புதிய சட்டம் வந்தது. பயங்கரவாத வழக்கென்றால் விசாரணை 10 நாளில் முடிய வேண்டும். குற்றப்பத்திரிகை கைதியின் கைக்கு வருவது வழக்குக்கு 24 மணித்தியாலத்துக்கு முன்னர்தான். மேன்முறையீடு இல்லை, கருணை மனு இல்லை, தீர்ப்பானதும் சுட வேண்டியதுதான். இப்படியான ஏற்பாட்டில் வழக்கைத் தாங்கி நிற்பது வாக்குமூலம் ஒன்றே. விசாரணையாளர்கள் முறைவைத்து மாறுவார்கள். கைதியை மட்டும் நாட்கணக்காகத் தூங்க விடமாட்டார்கள். பெண்சாதி பிள்ளைகளைச் சொல்லி மிரட்டுவது வேறு. 1937 முதல் அடிப்பதற்கு அனுமதி இருந்ததை 1939 ஜனவரியில் ஸ்டாலினே தந்தியில் உறுதிப்படுத்தினார்.

இப்படி எடுத்த வாக்குமூலம், வெளியில் சரிபார்க்கக்கூடிய விபரத்தில்தான் பிடிபடும். 1936 ஓகஸ்ட் வழக்கில் நிறுத்தப்பட்ட கோல்ட்ஸ்மன், ஸ்டாலின் நாடுகடத்திய ட்ரொட்ஸ்கியின் மகனை 1932 இல் கோப்பன்ஹேகன் பிரிஸ்டல் ஹோட்டலில் சந்தித்தேன் என்றார். அந்த ஹோட்டல் 1917 இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. இன்னொரு வழக்கில் பியாத்தகோவ், ட்ரொட்ஸ்கியைச் சந்திக்க 1935 டிசம்பரில் ஒஸ்லோவுக்கு விமானத்தில் போனதாகச் சொன்னார். அந்த மாதம் அங்கே வெளிநாட்டு விமானம் ஒன்றுகூட இறங்கவில்லை. 1938 மார்ச் 2 இல், புகாரினோடு நிறுத்தப்பட்ட கிரெஸ்தின்ஸ்கி திறந்த மன்றில் எல்லாவற்றையும் மறுத்தார். மறுநாளே ஒப்புக்கொண்டார். இடையிலிருந்த அந்த ஓர் இரவைப் பற்றிக் கட்டுரை கேட்டிருக்க வேண்டும்.

பகிரங்க வழக்கே இல்லாமல் போனவர்கள்தான் பெருந்தொகை. சரோஜினி நாயுடுவின் தம்பி, சோவியத் நாட்டில் வாழ்ந்த இந்தியப் புரட்சியாளர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாய அவர்களில் ஒருவர். 1937 செப்டெம்பர் 2 இல் சுடப்பட்டார்.

மட்டக்களப்பு வாசகருக்கு இது தூரத்துக் கதை அல்ல. பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது என்பது நமது சான்றுக் கட்டளைச் சட்டம். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததைச் சான்றாக ஏற்றது. பலவந்தமாக எடுத்தார்கள் என்று காட்டும் பொறுப்பையும் 16 ஆம் பிரிவு கைதியின் தலையிலேயே வைத்தது. மூடிய அறையில் நடந்ததற்குக் கைதி சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவார்?

கட்டுரையின் அடுத்த பகுதியில் ஒவ்வொருவருக்கும் கைதான திகதி, ஒப்புக்கொண்ட திகதி, வழக்குத் திகதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். புகாரின் 1937 பெப்ரவரி 27 இல் கைதானார். மன்றில் நிறுத்தப்பட்டது 1938 மார்ச்சில். குற்றமற்றவரென்று அரசு அறிவித்தது 1988 இல்.

வாசகர்,
ஆரையம்பதி