தென் அரைக்கோளத்திலும் வலக்கைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் புயல் பற்றி வந்த கட்டுரை, புயல் சுழலும் திசையை அறிய வட அரைக்கோளத்தில் வலக்கை விதி (விரல்களை மடக்கி, கட்டைவிரல் காட்டும் பக்கத்தைத் திசையாகக் கொள்ளும் முறை), மொரீசியஸ் போன்ற தென் அரைக்கோள நாடுகளில் இடக்கை விதி என்று சொல்கிறது. இது தவறு. எச்.எஸ்.சி. என்னும் மேல்நிலைப் பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை நம்பினால் காந்தவியல் கணக்கிலும் கையை மாற்றிவிடுவார்கள்.

நம் பக்கத்துப் புயல்கள் வலஞ்சுழியாகச் சுற்றுவது உண்மைதான். ஆனால் அதற்காகக் கையை மாற்ற வேண்டியதில்லை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. வலக்கை விரல்களை அந்தப் போக்கில் மடக்கினால் கட்டைவிரல் வடதுருவப் பக்கம் நீளும். அதுவே பூமியின் சுழற்சி வெக்டர், அதாவது சுழற்சியின் அளவையும் திசையையும் குறிக்கும் அம்பு. சென்னையில் நிற்பவருக்கு அது வடக்கு அடிவானத்துக்கு 13 டிகிரி மேலே எழும். தெற்கு அட்சம் 20 டிகிரியில் இருக்கும் நமக்கோ வடக்கு அடிவானத்துக்கு 20 டிகிரி கீழே, தரைக்குள் இறங்கும். மாறுவது இது ஒன்றுதான்.

பூமி சுழல்வதால் காற்று பக்கவாட்டில் விலகுவதைக் குறிப்பது கொரியோலிஸ் முடுக்கம். அதன் திசையை அறிய, காற்றின் திசைவேகத்தை முதலிலும் பூமியின் சுழற்சியை இரண்டாவதாகவும் வைத்துக் குறுக்குப் பெருக்கல் செய்யுங்கள்; அதாவது வலக்கை விரல்களை முதல் வெக்டரின் திசையில் நீட்டி இரண்டாவதை நோக்கி மடக்கினால், கட்டைவிரல் விடையின் திசையைக் காட்டும். பாடநூல்கள் வரிசையைத் திருப்பிப் போட்டு முன்னால் எதிர்க்குறி இடும்; அந்தக் குறியைத் தவறவிடுபவர்கள் அதிகம் என்பதால் நான் இந்த வரிசையையே விரும்புகிறேன். தெற்கு நோக்கிப் போகும் காற்றை எடுப்போம். வலக்கை விரல்களைத் தெற்கே நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்து, கீழ்நோக்கி மடக்குங்கள். கட்டைவிரல் கிழக்கைக் காட்டும். தெற்கே போகும் காற்றுக்கு அதுதான் இடப்பக்கம். நொடிக்கு 40 மீட்டர் வேகக் காற்றுக்கு இங்கே இந்த முடுக்கம் நொடி வர்க்கத்துக்குச் சுமார் 0.002 மீட்டர்தான். மணிக்கணக்கில் விடாமல் செயல்படுவதால் மையத்தை நோக்கி வரும் காற்று முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கி, புயல் வலஞ்சுழியாகிறது.

கை என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. இணையான இரண்டு கம்பிகளில் ஒரே திசையில் மின்னோட்டம் போனால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும். இதை வலக்கையால் காண இரண்டு படிகள் உண்டு: முதல் கம்பி உண்டாக்கும் காந்தப்புலம், அந்தப் புலம் இரண்டாம் கம்பிமேல் செலுத்தும் விசை. இரண்டு படியிலும் இடக்கையைப் பயன்படுத்தினாலும் விடை ஈர்ப்புதான். முதல் படியில் புலம் தலைகீழாகும், இரண்டாம் படி அதைத் திருப்பிச் சரிசெய்துவிடும். ஒரு படிக்கு ஒரு கை, அடுத்ததற்கு மறுகை என்று மாற்றினால்தான் விடை கெடும்.

அப்படியானால் மோட்டாரில் விசையின் திசையை அறியப் பயன்படும் ஃபிளெமிங்கின் இடக்கை விதி ஏன் சரியாக வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதில் சுட்டுவிரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை. குறுக்குப் பெருக்கலில் மின்னோட்டம் முதலில், புலம் இரண்டாவது. வரிசை ஒருமுறை புரள்கிறது, கை ஒருமுறை மாறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும். மோட்டாருக்கு ஒரு கை, ஜெனரேட்டருக்கு மறுகை என்று மனப்பாடம் செய்வதைவிட இரண்டுக்கும் ஒரே குறுக்குப் பெருக்கலைப் பழகுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தேர்வு அறையில் பிழை வரும் இடங்கள் வேறு. வலக்கையில் பேனா இருப்பதால் தன்னையறியாமல் இடக்கையைத் தூக்குவது முதலாவது. பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டாவது வெக்டர் புறங்கைப் பக்கம் இருந்தால், கட்டைவிரல் எந்தப் பக்கம் போனாலும் சரி, மணிக்கட்டைத் திருப்பி உள்ளங்கையை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். மடக்குவது எப்போதும் 180 டிகிரிக்குக் குறைவான கோணத்தின் வழியாகத்தான். எலக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்க்குறி என்பதால் அதற்கு விடையைக் கடைசியில் ஒரே ஒருமுறை திருப்புங்கள். தொடக்கத்தில் திசைவேகத்தைத் திருப்பிவிட்டு முடிவில் விசையையும் திருப்பினால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். படத்தில் வட்டத்துக்குள் புள்ளி என்றால் தாளிலிருந்து நம்மை நோக்கி, பெருக்கல் குறி என்றால் தாளுக்குள்.

இந்தத் திருத்தத்தை அடுத்த இதழின் மாணவர் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையைப் படித்த பிள்ளைகள் தேடிப் பார்க்கும் இடம் அதுதான்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்