வல்கன் ஊருக்குப் பெயர் தந்தது தொலைக்காட்சி அல்ல: சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் கல்கரி நகரிலிருந்து தெற்கு ஆல்பர்ட்டா மாகாணப் பகுதிக்குப் பேருந்துச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கும் அவர்தம் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். வல்கன் என்ற கற்பனைக் கிரகம் இடம்பெறும் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துத்தான் ஆல்பர்ட்டாவின் வல்கன் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்று உங்கள் வழிகாட்டிகள் ஒலிபெருக்கியில் சொல்லிவருவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அந்தத் தொடர் முதன்முதலில் ஒளிபரப்பானது 1966இல். வல்கனோ, முதல் உலகப் போருக்கு முன்பே கனடிய பசிபிக் ரயில்வேயின் நில அளவையாளர் ஒருவர் ரோமானியரின் நெருப்புக் கடவுளது பெயரைச் சூட்ட, இருப்புப் பாதையோரம் எழுந்த ஊர். அன்று அதன் தெருக்களுக்கும் ஜூபிடர், மார்ஸ், ஜூனோ என்று ரோமானியத் தெய்வங்களின் பெயர்களே இடப்பட்டிருந்தன.

சென்ற கோடையில் அங்கே நடந்ததை உங்களில் ஒருவர் மறந்திருக்க மாட்டார். அந்தத் தொடரை நினைவூட்ட ஊரில் நிறுவியுள்ள விண்கல மாதிரியின் அடியில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, அவ்வூரிலேயே பிறந்து கோதுமை பயிரிட்டு ஓய்ந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, பெயர் வைத்தது ரயில்வே என்று மெல்லச் சொல்லி, தெருப் பெயர்களோடு கூடிய பழைய வரைபடத்தின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். வழிகாட்டி அதை வாங்கிக்கூடப் பார்க்காமல், "ஐயா வேறு கிரகத்திலிருந்து வந்திருக்கிறார் போலிருக்கிறது" என்று ஒலிபெருக்கியில் சொல்ல, பேருந்துக் கூட்டம் முழுவதும் சிரித்தது. பெரியவர் அந்தத் தாளை நான்காக மடித்து மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். சொந்த ஊரின் பெயர்க்காரணத்தைச் சொன்னதற்காக ஒருவர் அந்த ஊரிலேயே கேலிக்கு ஆளாவது எந்தச் சுற்றுலாத் திட்டத்தில் சேர்ந்தது என்று அறிய விரும்புகிறேன்.

விண்கலத்தின் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. பெயர் ஒன்றாயிருப்பதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தி 1995இல் அதை நிறுவியவர்கள் ஊர்க்காரர்களே. தொடரில் வல்கன் கிரகத்தைச் சேர்ந்த ஸ்பாக் என்ற பாத்திரமாக நடித்த லெனார்ட் நிமோய் 2010இல் நேரில் வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. ஆனால் ஒரு காலத்தில் வரிசையாக ஒன்பது தானியக் களஞ்சியங்கள் நின்ற ஊர் இது. 1927இல் இங்கே வீசிய சுழற்காற்றின் புகைப்படம் உலகெங்கும் பேசப்பட்டது. இவற்றைச் சொல்ல உங்களுக்கு நேரமில்லை. நினைவுப்பொருள் கடையில் நிறுத்த மட்டும் தாராளமாக நேரமிருக்கிறது.

சமவெளியில் ரயில்வேக்காரர்கள் பெயர் வைத்த அழகும் தனி. கிராண்ட் டிரங்க் பசிபிக் என்ற ரயில் நிறுவனம் பக்கத்து மாகாணமான சஸ்காச்சவானில் வாட்ரஸ் (W), ஜீனா (X), யங் (Y), ஜெல்மா (Z) என்று ஆங்கில அகரவரிசைப்படியே ஊர்களை அடுக்கிக்கொண்டு போனது. அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தொல்குடியினர் அதை என்னவென்று அழைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ரயில்வேக்காரர்கள் கேட்காமல் வைத்தார்கள். நீங்கள் கேட்காமல் மாற்றுகிறீர்கள். பேருந்துக் கட்டணத்தில் இதற்கும் தனியே வசூலிக்கிறீர்களோ என்னவோ.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க. என் கோரிக்கை எளியது. உங்கள் துண்டறிக்கையில் உள்ள அந்தத் தவறான வரியை அடுத்த கோடைக்குள் நீக்கி, ரயில்வே வைத்த பெயர் என்பதை முதலிலும் தொலைக்காட்சித் தொடரைப் பிறகும் சொல்லுமாறு வழிகாட்டிகளுக்கு அறிவுறுத்துங்கள். அந்தப் பெரியவரிடம் யாரேனும் ஒருவர் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தால் மேலும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்தில் வந்த பயணி ஒருவன்