ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு ஞாபகம் வேண்டும்?

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். "பெரிய மொழி மாடல்கள் எல்லாவற்றையும் தாமாகவே கற்றுக்கொள்கின்றன, இனி சாம்ஸ்கியும் ஆட்டோமேட்டாவும் எதற்கம்மா?" என்று கேட்டாய். மொழியியலாளர் சாம்ஸ்கியின் இலக்கண வகைகளையும், வாக்கியத்தைப் படித்துச் சரியா தவறா என்று சொல்லும் கற்பனைப் பொறிகளான ஆட்டோமேட்டாவையும் இத்தனை வருஷம் பாடமாக நடத்திய பாசத்தில் நான் பேசுவதாக நீ நினைக்கக் கூடாது. அந்தப் பாடத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அதை நீ விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க என்ன மாதிரியான ஞாபகம் வேண்டும்?

சொல் அளவில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பூங்கொடி, பற்பொடி, மரவேர் என்று பள்ளியில் படித்தாயே, தோன்றல், திரிதல், கெடுதல், அவை மூன்றும் பக்கத்து எழுத்தைப் பார்த்து எழுத்தைச் சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது. அதற்கு ஃபைனைட் ஸ்டேட் பொறி, அதாவது குறிப்பிட்ட சில நிலைகளை மட்டுமே ஞாபகம் வைத்திருக்கும் பொறி, போதும். இத்தகைய ஒலி விதிகளை அந்தப் பொறியாலேயே செய்துவிடலாம் என்று டக்ளஸ் ஜான்சன் 1972-இல் காட்டினார். 1983-இல் கிம்மோ கோஸ்கென்னியெமி ஃபின்னிஷ் மொழியின் சொல்லமைப்பை அந்த வழியில் எழுதிக் காட்டினார். ஃபின்னிஷும் நம்மைப் போலவே விகுதிமேல் விகுதி சேர்க்கும் மொழி.

வாக்கியத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. இதைப் படித்துப் பார்: "நான் அக்கா அவர்கள் வருவார்கள் என்று சொன்னாள் என்று நினைத்தேன்." கடைசியாக வந்த 'அவர்கள்' முதலில் 'வருவார்கள்' உடன் முடிகிறது, அப்புறம் அக்கா–சொன்னாள், கடைசியில் நான்–நினைத்தேன். மேலே வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டாக் இதுதான். 'சொன்னாள்' இருக்கும் இடத்தில் 'சொன்னேன்' என்று போட்டால் உடனே இடறுகிறது. தமிழில் எழுவாயை விட்டுவிடலாமே, அப்படியானால் எண்ணிக்கை ஒத்துப்போகாதே என்று நீ கேட்பாய். வினைகளைவிட எழுவாய்கள் குறையலாம், ஆனால் கூடக் கூடாது. ஃபைனைட் ஆட்டோமேட்டாவால், அதாவது மேலே சொன்ன அந்தப் பொறியால், ஆகாது என்று நிறுவ அந்த ஒரு கட்டுப்பாடே போதும். அந்தப் பொறியால் முடியாததை நிறுவ உதவும் தேற்றமான பம்பிங் லெம்மாவை எடுத்து நீயே செய்து பார். ஆங்கிலத்தை வைத்து 1956-இல் சாம்ஸ்கி சொன்னதும் இந்த வகை வாதம்தான்.

நிஜத்தில் யார் இப்படிப் பேசுகிறார்கள் என்ற கேள்வியும் நியாயமானது. நாமே "அவர்கள் வருவதாக அக்கா சொன்னாள் என்று நினைத்தேன்" என்று திருப்பிப் போட்டுச் சுமையை இறக்கிவிடுகிறோம். மொழியியலாளர் ஃப்ரெட் கார்ல்சன் ஏழு ஐரோப்பிய மொழிகளைப் பார்த்துவிட்டு, இப்படி நடுவில் நுழையும் வாக்கியங்கள் எழுத்தில் மூன்று ஆழத்தைத் தாண்டுவதில்லை, பேச்சில் இரண்டே மிக அரிது என்று 2007-இல் எழுதினார். அப்படியானால் ஃபைனைட் பொறியே போதும் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பொறியில் ஒரே விதியை ஒவ்வொரு ஆழத்துக்கும் தனித்தனியாக நகலெடுத்து வைக்க வேண்டும். இரண்டாம் ஆழத்தில் கற்றது மூன்றாம் ஆழத்துக்குப் பயன்படாது. பேசுகிறவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களுக்குக் களைப்புதான் வருகிறது, விதி மாறுவதில்லை.

ஸ்டாக்கும் போதாத மொழி உண்டா? இதற்குப் பல பேர் நிரூபணம் சொன்னார்கள். 1982-இல் மொழியியலாளர்கள் புல்லமும் கஸ்டாரும் அதுவரை வந்தவற்றை எடுத்துப் பார்த்து எதுவும் நிற்கவில்லை என்றார்கள். 1985-இல் ஸ்டுவர்ட் ஷீபர் சூரிச் பக்கம் பேசும் சுவிஸ் ஜெர்மனைக் கொண்டு வந்தார். 'ஹான்ஸுக்கு வீட்டை வண்ணமடிக்க உதவும்படி பிள்ளைகளை விட்டோம்' என்பதை அவர்கள் சொல்லும் வரிசையில் தமிழாக்கினால் இப்படி வரும்: "நாங்கள் பிள்ளைகளை ஹான்ஸுக்கு வீட்டை விட்டோம் உதவ வண்ணமடிக்க." முதல் பெயர் முதல் வினைக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு. கோடு போட்டு இணைத்துப் பார், எல்லாம் குறுக்கே வெட்டும். டச்சிலும் இந்த வரிசை உண்டு. ஆனால் அங்கே வேற்றுமை உருபு இல்லாததால், எந்தப் பெயர் எந்த வினைக்கு என்பது வாக்கியத்தின் மேல்பரப்பில் தெரியாது. சுவிஸ் ஜெர்மனில் 'உதவு' நம் நான்காம் வேற்றுமையைப் போன்றதைக் கேட்கிறது, 'விடு' இரண்டாவதைக் கேட்கிறது. மாற்றிப் போட்டால் பிழை. பெயர்களை வேற்றுமை வாரியாகவும் வினைகளை வகை வாரியாகவும் அடுக்கினால், முதல் கூட்டத்தின் எண்ணிக்கை மூன்றாவதோடும் இரண்டாவது நான்காவதோடும் பொருந்த வேண்டும். ஸ்டாக் பொறிக்கு இணையான கான்டெக்ஸ்ட் ஃப்ரீ இலக்கணத்தால் அது முடியாது. ஒரு வட்டார மொழியின் ஓர் உருபு இவ்வளவு பெரிய கேள்வியைத் தீர்த்தது என்பதை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்லும்போது எனக்குச் சிலிர்க்கும்.

அதற்காக எல்லையில்லாத சக்தியும் தேவைப்படவில்லை. புனேயில் பிறந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அரவிந்த் ஜோஷி, வாக்கிய அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் மரங்களை மரங்களுக்குள் செருகும் இலக்கணம் ஒன்றை 1975-இல் சகாக்களோடு அமைத்தார். அது இந்தக் குறுக்கு உறவுகளைத் தாங்கும். n சொற்கள் உள்ள வாக்கியத்தைப் பாகுபடுத்த, அதாவது அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க, n-இன் ஆறாம் அடுக்கு நேரம் ஆகலாம், சாதாரண கான்டெக்ஸ்ட் ஃப்ரீ முறையில் மூன்றாம் அடுக்கு. கூடுதல் சக்திக்கு விலை இவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறதே, அந்தத் துல்லியத்துக்காகத்தான் இந்தத் துறையை மதிக்கிறேன்.

உன் மாடல்களுக்கும் இதே கேள்விதான். சொற்களை வரிசையாகப் படிக்கும் நரம்பு வலைகளில், எல்.எஸ்.டி.எம். என்ற வகை வலைகள் எண்ணக் கற்றுக்கொள்கின்றன, ஜி.ஆர்.யு. என்ற வகை வலைகளால் அப்படி முடிவதில்லை என்று 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் எண்ணுவது வேறு, ஸ்டாக் வேறு. நான்–அக்கா–அவர்கள் வாக்கியத்தில் எத்தனை வினை என்று எண்ணினால் போதாது, யாருக்கு எது என்று பின்னோக்கிப் பொருத்த வேண்டும். ஆகவே ஆய்வுத் தலைப்பைத் தேடி அலையாதே. இந்த வகைத் தமிழ் வாக்கியங்களை ஆழம் ஒன்று முதல் நான்கு வரை எழுது. இடமும் பாலும் எண்ணும் மாறி மாறி வரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விகுதி தவறிய ஜோடி இருக்கட்டும். மாடல் எந்த ஆழத்தில் உடைகிறது, மனிதர்கள் உடையும் இடத்திலேயே உடைகிறதா என்று பார்.

முதல் ஐம்பது வாக்கியம் ஆனதும் எனக்கு அனுப்பு, குறித்துத் தருகிறேன். மாடி வீட்டு மாமியிடமும் படித்துக் காட்டிக் கேட்கிறேன். இலக்கணம் படிக்காதவர் என்ன சொல்கிறார் என்பதும் உனக்கு வேண்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ராத்திரி வெகுநேரம் விழிக்காதே.

அன்புடன்,
அம்மா